ஒப்புக்கொடுத்தேன், மூணாவது வாரமே திரும்ப எடுத்துக்கொண்டேன்

கேள்வி, 20.2.2023

போன மாதம் எங்கள் ஊர் கன்வென்ஷனில் அழைப்பு கொடுத்தபோது முன்னால் போய் நின்றேன். "என் இருதயத்தை முழுசா ஒப்புக்கொடுக்கிறேன் ஆண்டவரே, இனி என் பெலத்தில் இல்லை, உம்முடைய பெலத்தில்தான்" என்று அழுது ஜெபித்தேன். ரெண்டு வாரம் மனசு பஞ்சு மாதிரி இருந்தது. மூணாவது வாரம் பழைய பயம், பழைய கணக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு, எல்லாம் திரும்பிவிட்டது. அப்போ நான் அன்றைக்குச் சொன்னது பொய்யா? உண்மையா ஒப்புக்கொடுத்தவங்களுக்கு இப்படி ஆகுமா?

பதில், 20.2.2023, இரவு

ஆகும். உங்களுக்காவது மூணு வாரம். கோயிலில் ஒப்புக்கொடுத்துவிட்டு வாசலில் செருப்பை மாட்டும்போதே திரும்ப எடுத்துக்கொண்ட ஆள் நான். விவரமாகப் பிறகு எழுதுகிறேன், வீட்டில் மாத்திரை கொடுக்கிற நேரம்.

22.2.2023

சாம்பல் புதன். ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன்.

நான் 33 வருஷம் மின்வாரியத்தில் இருந்தவன். ஹெல்ப்பராகச் சேர்ந்து ஃபோர்மேனாக வெளியே வந்தேன். வேதபாடம் நடத்தத் தெரியாது, கம்பம் ஏறத் தெரியும். அதை வைத்தே சொல்கிறேன்.

11 கே.வி. லைனில், அதாவது பதினோராயிரம் வோல்ட் ஓடுகிற லைனில், வேலை என்றால் முதலில் சப்-ஸ்டேஷனில் எல்.சி. வாங்க வேண்டும். லைன் கிளியர். அங்கே இருக்கிற ஆபரேட்டர் பிரேக்கரைத் திறந்து கரண்டை நிறுத்திவிட்டு, நேரத்தையும் வாங்குகிறவன் பெயரையும் ரிஜிஸ்டரில் எழுதுவார். நான் ஏறுகிற கம்பம் அங்கிருந்து அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளி ஏதாவது வாழைத்தோட்டத்துக்குள் இருக்கும். அவர் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் கம்பியில் கை வைக்கிறேன். யோசித்துப் பார்த்தால் வயிறு கலங்கும். அதனால் யாரும் யோசிப்பதில்லை.

வேலை முடிந்ததும் ரிட்டர்ன் கொடுக்க வேண்டும், அதாவது வேலை முடிந்தது, லைனைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். எல்.சி. வாங்கினவனேதான் கொடுக்கணும், வேறொருத்தன் கொடுத்தால் செல்லாது. ரிட்டர்ன் கொடுத்த நொடியிலிருந்து அந்தக் கம்பியில் கரண்ட் ஓடுவதாகத்தான் கணக்கு. ஸ்பேனரை மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாயா, இருக்கட்டும். மறுபடி எல்.சி. வாங்காமல் கை நீட்டக் கூடாது.

ஒப்புக்கொடுப்பது என்றால் இதுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ரிட்டர்ன் கொடுத்தாச்சு, கையை எடு.

23.2.2023

"அப்படியானால் எர்த் ராடு எதுக்கு மாட்டினீங்க?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். வாரியத்து ஆளாகத்தான் இருப்பார். சரியான அடி.

ஆமாம். எல்.சி. வாங்கின பிறகும் லைனை டெஸ்ட் பண்ணுவோம், வேலை செய்கிற இடத்துக்கு ரெண்டு பக்கமும், கம்பியை மண்ணோடு இணைக்கிற எர்த் ராடு மாட்டுவோம். ஆபரேட்டர்மேல் சந்தேகம் இல்லை. எவன் வீட்டு ஜெனரேட்டரோ பின்பக்கமாக லைனுக்குள் கரண்டை ஏற்றிவிடலாம். நம்புவதும் ராடு மாட்டுவதும் ஒரே ஆள் செய்கிற வேலை. அதில் முரண் பார்க்கிறவன் கம்பம் ஏறினதில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆண்டவர்மேல் பாரத்தை வைத்துவிட்டேன் என்று இன்சுலினை நிறுத்தின ஒருவரை எனக்குத் தெரியும். அவரைப் பற்றி மேற்கொண்டு எழுதப் போவதில்லை.

4.3.2023

டயாலிசிஸ் வார்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாலு மணி நேரம், வேறு வேலை இல்லை.

என் வீட்டுக்காரிக்கு ரெண்டு கிட்னியும் போய் நாலு வருஷம். சுகர் செய்த வேலை. செவ்வாய், வியாழன், சனி சாயங்கால ஷிஃப்ட். முடிந்து வீடு சேர ஒன்பது, ஒன்பதரை ஆகும். டயாலிசிஸ் ஊசி போட இடது கையில் ஃபிஸ்டுலா. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ரெண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே 'கிர்ர்ர்'ரென்று ஓடுவது தெரியும், மடியில் படுத்த பூனையின் வயிற்றைத் தொட்ட மாதிரி. அந்தத் துடிப்பு நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், தினமும் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எழுந்ததும் எனக்கு அதுதான் முதல் வேலை, ஜெபம் அப்புறம்தான். ஒருநாள் அவளே சொன்னாள்: "என்னங்க, முதல்ல மேல பாருங்க, பொறவு கையைப் பாருங்க."

தண்ணீர் ஒருநாளைக்கு முக்கால் லிட்டர்தான். காப்பி, ரசம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அந்தக் கணக்குக்குள். நாக்கு வறண்டால் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் துண்டு. நான் நோட்டுப் போட்டு எழுதுகிறேன், காலை எடை, மாலை எடை, மில்லி கணக்கு. ஒரு கிலோ கூடினால் என் முகம் மாறிவிடும். பக்கத்து வீட்டம்மா கொடுத்த பதநீரில் ரெண்டு மடக்கு குடித்ததை நாலு நாள் என்னிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறாள், பாவம். பதநீரில் கிட்னி போனவர்களுக்கு ஆகாத பொட்டாசியம் வேறு இருக்கிறது. என்ன செய்ய, நமக்குப் பனைமரத்தடியில் வளர்ந்த நாக்கு.

ராத்திரி படுக்கும்போது, "ஆண்டவரே, இவளை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறேன்" என்று சொல்லித்தான் படுப்பேன். ரெண்டு மணிக்கு எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். நீங்கள் சொன்ன அதே ரெண்டு மணி. உங்கள் கேள்வி என்னை உலுக்கினது அதனால்தான்.

5.3.2023

எல்.சி. உவமையில் ஒரு திருத்தம். ரிட்டர்ன் கொடுத்த கம்பியில் கை வைத்தால் ஆள் மிஞ்ச மாட்டான். ஆண்டவரிடம் கொடுத்ததில் நான் ஆயிரம் தடவை கை வைத்திருக்கிறேன், ஷாக் அடித்ததில்லை. உவமை பாதியில் அறுந்துவிட்டது. ஃபோர்மேன் சொல்கிற உவமை இவ்வளவு லோடுதான் தாங்கும்.

12.3.2023

இன்றைய பிரசங்கத்தை நான் கவனிக்கவில்லை, எங்கள் சபை ஐயர் (போதகர்) மன்னிக்கட்டும். 55-ஆம் சங்கீதம் வாசித்தபோது 'வைத்துவிடு' என்ற சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு." பேதுருவும் அப்படியே: "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்."

வை என்பது வேறு, வைத்துவிடு என்பது வேறு. "சாவியை மேசைமேல் வை" என்றால் நாளைக்கு எடுக்கலாம். "வைத்துவிடு" என்றால் அதோடு முடிந்தது. நம் பாட்டிமார் சொல்லுகிற 'விட்டுத் தொலை'யில் வருகிற அதே விடு.

37-ஆம் சங்கீதத்தில் "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து" என்று வருகிற இடத்தில் எபிரெய மூலத்தில் இருப்பது 'உருட்டிவிடு' என்று பொருள்படுகிற சொல். கல்லை உருட்டுகிற மாதிரி. தூக்க முடியாததைத்தான் உருட்டுவோம். தூக்கிக்கொண்டுபோய் அவர் காலடியில் அழகாக வை என்று சொல்லியிருந்தால் எனக்கு முடிந்திருக்காது.

நான் செய்து வந்தது வேறு. களக்காடு போகிற பாதையில் என் சின்ன வயதில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் நட்டு வைப்பார்கள். ரெண்டு கல் நிமிர்ந்து நிற்கும், மேலே ஒரு கல் படுத்திருக்கும், கழுத்து உயரம். உயரத்தில்தான் விஷயமே. தலைச்சுமையைத் தரையில் இறக்கினால் திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். சுமைதாங்கியில் வைத்தால் யார் தயவும் வேண்டாம். கொஞ்ச நேரம் கையை உதறிவிட்டு, குனிந்து தலையைக் கொடுத்து, அதே கட்டை எடுத்துக்கொண்டு நடக்கலாம்.

என் ராத்திரி ஜெபம் அவ்வளவும் சுமைதாங்கிக் கல். பத்து மணிக்கு வைப்பேன், ரெண்டு மணிக்கு எடுப்பேன். யார் தயவும் வேண்டாம்.

13.3.2023

"சுமைதாங்கியில் இளைப்பாறினதும் இளைப்பாறுதல்தானே அண்ணாச்சி" என்று ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறாள். ஒத்துக்கொள்கிறேன். நேற்று கல்லைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டேன்.

19.3.2023

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் மேலே எழுதினதெல்லாம் பாவனை ஆகிவிடும்.

போன வியாழன் ராத்திரி டயாலிசிஸ் முடிந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம். அவள் பின்னால். நான் கண்ணசந்துவிட்டேன். ஒரு நொடியோ ரெண்டு நொடியோ. வண்டி ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் சரிந்தது. வேகம் இல்லாததால் எனக்கு முழங்கையிலும் அவளுக்கு இடுப்பிலும் சிராய்ப்போடு போயிற்று.

கண்ணை விட்டுப் போகாதது ஒன்று. விழும்போது அவள் பிடிமானத்துக்கு எதையும் தேடவில்லை. இடது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தாள், எரிகிற விளக்கை அணையாமல் தூக்குகிற மாதிரி. மண்ணில் கிடந்துகொண்டே முதலில் சொன்னது: "கை ஓடுதா பாருங்க." தொட்டேன். ஓடியது.

அடுத்த வீட்டுப் பையனுக்குக் கார் இருக்கிறது. ஆறு மாதமாக, "பெரியப்பா, சாயங்காலம் நான் சும்மாதான் இருக்கேன், கொண்டுவிடுதேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நானும் ஆறு மாதமாக, "வேண்டாம்பா, ஆண்டவர் பெலன் தாராரு" என்றே பதில் சொன்னேன். பெண்கள் ஐக்கியத்தில் முறைபோட்டு சனிக்கிழமை சாப்பாடு தருகிறோம் என்றார்கள். அதற்கும் அதே பதில்தான். அப்படிச் சொல்லும்போது குரலில் ஒரு தாழ்மை வேறு.

விழுந்த அன்று அந்தப் பையன்தான் வந்து தூக்கினான். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

26.3.2023

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு வசனப் பலகை தொங்குகிறது. கல்யாணத்துக்கு வந்தது. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு. பிலிப்பியர் 4:13." நம் ஆட்கள் வீட்டில் பாதிக்குப் பாதி இது இருக்கும். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில்கூட ஒட்டியிருக்கும். அதன் கீழேயே நின்றுதான் அந்தப் பையனுக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த வாரம் அதை வேதத்தில் எடுத்து முன்னும் பின்னுமாக வாசித்தேன். பவுல் காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். முந்தின வசனத்தில் பசியையும் பட்டினியையும் குறைவையும் சொல்லுகிறார். அதற்குத்தான் பெலன், ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்குவதற்கு இல்லை. இது எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது 14-ஆம் வசனம். "ஆகிலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது."

ஆகிலும்! எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலன் உண்டு, ஆகிலும் நீங்கள் வந்து கைகொடுத்தது நல்லது. அடுத்த மூச்சிலேயே சொல்கிறார். கொஞ்சம் தள்ளி 18-இல் எப்பாப்பிரோதீத்து கையில் நீங்கள் அனுப்பியதைப் பெற்றுக்கொண்டேன் என்று ரசீது மாதிரி எழுதுகிறார். அந்த எப்பாப்பிரோதீத்து சாகிற அளவு வியாதிப்பட்டுப் பிழைத்தவன் என்பது ரெண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. மொத்தக் கடிதமும் ஒரு வகையில் உதவி வாங்கினவன் எழுதின நன்றிக் கடிதம்.

13-ஐப் பலகையில் எழுதித் தொங்கவிட்டவர்கள் 14-க்கு இடம் விடவில்லை. பலகை செய்கிறவனையும் குறை சொல்ல முடியாது, 14-ஐ யார் வாங்குவார்கள்?

சாயங்காலம் போய்ப் பையனிடம், "வியாழனும் சனியும் வாப்பா" என்றேன். அவ்வளவு சின்ன வாக்கியம். கன்வென்ஷனில் முன்னால் போய் நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

2.4.2023

குருத்தோலை ஞாயிறு. டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் பக்கத்து ஊர்தான் என்பதால் கொஞ்சம் சொல்லலாம்.

1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், 1901 முதல் டோனாவூர். யாரிடமும் பணம் கேட்பதில்லை, ஜெபத்தில் கேட்டால் போதும் என்பது அங்கே கொள்கை. ஆண்டவரைச் சார்ந்திருப்பது என்று பேச்செடுத்தால் எல்லாரும் இந்தப் பணக்கதையோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 1931 அக்டோபர். களக்காட்டில் புதிதாக எடுத்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் குழியில் விழுந்தார். காலும் கணுக்காலும் போயிற்று. அதற்கு அப்புறம் 1951 ஜனவரியில் கண்மூடுகிற வரை, கிட்டத்தட்ட 20 வருஷம், பெரும்பாலும் அறையும் கட்டிலும்தான். மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனவர், நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர், அந்தப் பிள்ளைகள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்து 20 வருஷம் படுத்திருந்தார். அங்கே இருந்துகொண்டே புத்தகங்களும் எழுதினார்.

பணம் கேட்காமலிருக்க ஒரு பெலன் வேண்டும் என்றால், அடுத்தவர் கையால் குளிப்பாட்டப்பட இன்னொரு பெலன் வேண்டும். ரெண்டாவதை நான் ரொம்பப் பிந்தித்தான் யோசிக்கிறேன்.

6.4.2023

பெரிய வியாழன். வராந்தா. இன்றைக்குப் பையன் கார், அதனால் தூக்கம் வந்தாலும் பயமில்லை.

சகோதரி, உங்கள் கேள்விக்கு நேரான பதில் இன்றைய ராத்திரியில் இருக்கிறது. இத்தனை வாரம் சுற்றி வந்தேன், மன்னியுங்கள். கெத்செமனேயில் "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்று இயேசு சொன்னதை ஒரே தடவை சொன்னதாகத்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மத்தேயு 26:44 பாருங்கள். திரும்ப வருகிறார், சீஷர்கள் தூங்குகிறார்கள், மறுபடி போகிறார், மூன்றாந்தரமும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபம்பண்ணினார். ஒரே ராத்திரியில், ஒரே தோட்டத்தில், மூணு தடவை.

பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துவிடச் சொல்லி மூணு தடவை கேட்டார். அப்புறம்தான் "என் கிருபை உனக்குப்போதும்" என்கிற பதில். முள் எடுபட்டதாக எங்கேயும் எழுதவில்லை.

முதல் தடவை சொன்னது பொய்யாக இருந்ததால் அவர் ரெண்டாம் தடவை சொன்னார் என்று யாராவது சொல்வார்களா?

7.4.2023

பெரிய வெள்ளி. மூணு மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழாம் வார்த்தை. "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்." நேற்றிரவு மூணு தடவை சொன்னது இன்றைக்கு மதியம் முடிகிறது. இதற்குமேல் எழுதத் தோன்றவில்லை.

29.4.2023

நாங்குநேரி நண்பர் ஒருவர் வைணவர், தென்கலை. வாரியத்தில் என் பழைய ஜே.இ. (ஜூனியர் இன்ஜினியர்). நான் எழுதுவதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "இதைத்தானே ஓய், எங்கள் ஆட்கள் குரங்குக்குட்டியா பூனைக்குட்டியா என்று நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டார்கள்" என்றார். குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடி விட்டால் விழும். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாய் கழுத்தைக் கவ்வித் தூக்கிப்போகும். வடகலையார் முதல் கட்சி, தென்கலையார் ரெண்டாவது.

அவர் ஊர் வானமாமலைப் பெருமாள்மேல் நம்மாழ்வார் பாடின முதல் அடியையும் சொன்னார்: "நோற்ற நோன்பிலேன் நுண்ணறிவிலேன்." விரதம் இருந்ததில்லை, கூர்மையான அறிவும் இல்லை, ஆனாலும் இனி உன்னை விட்டு ஒரு கணம் தாங்கமாட்டேன் என்று தொடருகிறதாம். கையில் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே வந்து நிற்கிறவர். எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் எத்தனை நாள் உபவாசம் என்பதில்தான் ஆரம்பிப்போம்.

"நீர் எந்தக் குட்டி?" என்று கேட்டார். "பகலில் பூனை, ராத்திரி ரெண்டு மணிக்குக் குரங்கு" என்றேன். அரை நிமிஷம் சிரித்தார். பிறகு, "குரங்குக்குட்டி பிடித்திருக்கிறது சரி, தாய்க்குரங்கு மரம் தாவும்போது குட்டியை ஒரு கையால் அணைத்துக்கொள்வதை நீர் பார்த்ததில்லையா?" என்றார். அவர் கட்சிக்கே எதிராகப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். பாபநாசம் போனால் பார்க்கணும்.

18.6.2023

"எப்படி இருக்கிறீர்கள்" என்று கேள்வி கேட்ட சகோதரியே கேட்டிருக்கிறார். அவருக்கு முழிப்பு இப்போது வாரத்தில் ரெண்டு நாளாகக் குறைந்திருக்கிறதாம். சந்தோஷம்.

நாங்கள் இருக்கிறோம். வியாழனும் சனியும் பையன் ஓட்டுகிறான். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தேன், அவன் அம்மா முறுக்கு டப்பாவுக்குள் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். செவ்வாய் மட்டும் இன்னும் நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போகிறேன். அதையும் விட்டுவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும்.

சாமுவேலின் தாய் அன்னாளைப் பற்றி எழுத நினைத்து விட்டுப்போனது. பிள்ளை வேண்டுமென்று ஆலயத்தில் அழுகிறாள், குடித்திருக்கிறாள் என்று ஆசாரியர் ஏலி நினைக்கிறார், பிறகு சமாதானத்தோடே போ என்கிறார். உடனே வருகிற வரி: "பின்பு அந்த ஸ்திரீ புறப்பட்டுப்போய், போஜனஞ்செய்தாள்." சாமுவேல் இன்னும் கருவில்கூட இல்லை. ஒன்றும் மாறவில்லை. போய்ச் சாப்பிட்டாள். சனிக்கிழமை ஐக்கியத்துப் பெண்கள் கொண்டுவருகிற சாப்பாட்டை, காய்கறியை ரெண்டு தண்ணீரில் வேகவைத்து வடித்து, உப்பில்லாமல் தனியாகச் செய்து கொண்டுவருகிறார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வார்டு நர்ஸிடம் அவர்களே போய்க் கேட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரி ரசித்துச் சாப்பிடுகிறாள். நான் செய்வதில் உப்பு இல்லை என்று நாலு வருஷமாகச் சொல்கிறவள், அதில் ஒரு குறையும் சொல்லவில்லை.

நேற்றும் ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தது. இருட்டில் அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன். ஓடுகிறது. நான் எழுதுவதையெல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டுவதுண்டு, அது தப்பாய்ப் போயிற்று. கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "ரிட்டர்ன் கொடுத்தாச்சா?"

"நீ தூங்கு" என்றேன்.